ஹெல்மெட்டுக்கு முந்தைய இரண்டு வினாடி

கேள்வி: என் தம்பிக்கு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. வண்டலூரில் அறை எடுத்துத் தங்கி, புதிதாக வாங்கிய 160 சிசி பைக்கில் தினமும் போய்வருகிறான். மன்னார்குடியில் அப்பாவின் ஸ்பிளெண்டரை ஓட்டிப் பழகியவன். சென்னைப் பக்கம் ஓட்டுவது இதுதான் முதல் முறை. நல்ல ஹெல்மெட் வாங்கிக் கொடுத்துவிட்டோம். அது போதுமா? வேறென்ன சொல்லிக்கொடுக்க வேண்டும்?

பதில்:

போதாது. ஹெல்மெட்டைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள், அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் ஹெல்மெட்டுக்கு வேலை வருவது விழுந்த பிறகுதான். விழாமல் தப்பிக்க வேண்டிய வேலை எல்லாம் அதற்கு முந்தைய ஓரிரு வினாடிகளில் நடந்து முடிந்துவிடும். எத்தனை வினாடி என்று ஒருவர் கணக்குப் போட்டே பார்த்திருக்கிறார்.

தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் ஒரு குழு, 1970களின் பிற்பகுதியில், லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நடந்த 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தது. அறிக்கை 1981இல் வந்தது. ஆபத்து கண்ணில் பட்டதிலிருந்து மோதும் வரை பைக் ஓட்டியவருக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு வினாடிக்கும் குறைவு என்பது அதில் ஒரு முடிவு. அந்த நேரத்தில் பலர் செய்தது பின் பிரேக்கை ஓங்கி மிதித்துச் சறுக்கியதுதான். முன் பிரேக்கைச் சரியாகப் பிடித்தவர்கள் குறைவு. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாங்களாகவோ வீட்டாரிடமோ நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். நம் ஊரில் யாரைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும்: அண்ணன் சொல்லிக்கொடுத்தார், மாமா பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

இரண்டு வினாடியில் யாராலும் யோசிக்க முடியாது. கை கால் என்ன பழகியிருக்கிறதோ அதைத்தான் செய்யும். ஆகவே தம்பிக்கு நீங்கள் சொல்ல வேண்டியது ஒரே விஷயம், மீதியெல்லாம் அதன் விளக்கம்: இப்போது கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள், தெரியாத இடத்திலிருந்து ஏதாவது வந்தாலும், வண்டியை நிறுத்த முடிய வேண்டும். முடியாத வேகத்தில் போகிறான் என்றால் அவன் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் மற்றவர்கள் தப்பு செய்யாமல் இருப்பதை நம்பித்தான் போகிறான்.

இதைக் கணக்காகச் சொன்னால்தான் இளைஞர்களுக்கு உறைக்கும். காய்ந்த தார்ச்சாலை, நல்ல டயர், நன்றாகப் பிரேக் பிடிக்கத் தெரிந்த ஆள், ஆபத்தைப் பார்த்து விரல் அழுத்துவதற்கு ஒரு வினாடி என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 21 மீட்டரில் நின்றுவிடலாம். 60இல் 40 மீட்டர் ஆகும். 80இல் 63 மீட்டர். ஒரு மாநகரப் பேருந்து ஏறத்தாழ 12 மீட்டர் நீளம். 80இல் போகிறவனுக்கு நிற்க ஐந்து பஸ் நீளத்துக்கு மேல் வேண்டும். இதைவிடத் திகிலான கணக்கு ஒன்று உண்டு. இரண்டு பைக்குகள் பக்கத்துப் பக்கத்தில் போகின்றன, ஒன்று 60இல், மற்றது 80இல். ஒரே நொடியில் இருவரும் எதிரே மாட்டைப் பார்க்கிறார்கள், ஒரே மாதிரி பிரேக் பிடிக்கிறார்கள். 60இல் வந்தவன் மாட்டுக்கு ஒரு சாண் முன்னால் நிற்கிறான். அதே இடத்தில் மற்றவன் இன்னும் கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பான். பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கப்படி, அதாவது வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்காக, ஏறுவதால் வரும் வினை இது. மழையில் ஈர ரோட்டில் இந்தத் தூரங்கள் இன்னும் நீளும்.

ஸ்பிளெண்டரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. பழைய ஸ்பிளெண்டரில் இரண்டு பக்கமும் டிரம் பிரேக். முன் பிரேக்கைப் பிடித்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது, அதனால் எல்லாரும் கால் பிரேக்கையே நம்பி ஓட்டிப் பழகுகிறார்கள். 'முன் பிரேக் பிடிச்சா குப்புற விழுந்துருவே' என்று ஊரில் பயமுறுத்தியும் வைத்திருப்பார்கள். உண்மை நேர் எதிர். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது, முன் டயர் ரோட்டில் நன்றாக அழுந்துகிறது, பின் டயர் லேசாகிறது. லேசான டயரால் எவ்வளவு பிடித்து நிறுத்த முடியும்? ஆகவே காய்ந்த ரோட்டில் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. பின் பிரேக்கை மட்டும் மிதிக்கிறவன் இருக்கிற சக்தியில் பாதியைக்கூடப் பயன்படுத்துவதில்லை, கூடவே பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் வாலை ஆட்டும்.

குப்புற விழுவது நிஜமாகவே நடக்கும், ஆனால் அதற்குக் காரணம் முன் பிரேக்கைப் பிடித்தது அல்ல, வெடுக்கென்று பிடுங்கியது. இரண்டு விரலால் மெல்ல அழுத்தத் தொடங்கி, முன்பக்கம் அமுங்கியதை உணர்ந்ததும் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். எல்லாம் சேர்ந்து அரை வினாடிதான், ஆனால் அந்த ஏறுவரிசை வேண்டும். வண்டி நேராக இருக்கும்போதுதான் இப்படி அழுத்தலாம். வளைவில் சாய்ந்திருக்கும்போதோ, மணலிலோ, ஹேண்டில் திருப்பியிருக்கும்போதோ முன் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் நழுவிவிடும். அதனால்தான் வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள்.

புது பைக்கில் ஏபிஎஸ் இருக்கும், ஓங்கிப் பிரேக் பிடித்தாலும் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு அது. 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா பைக்குக்கும் 2019 ஏப்ரல் முதல் அது கட்டாயம். பல 160 சிசி வண்டிகளில் அது முன் சக்கரத்துக்கு மட்டும்தான், வாங்கும்போது சொல்லாமல் விட்டிருப்பார்கள். பின் சக்கரம் அப்போதும் பூட்டிக்கொள்ளும். ஏபிஎஸ் வேலை செய்யும்போது லிவர் விரலுக்குள் படபடவென்று துடிக்கும். முதல்முறை இதை உணர்கிறவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து பிடியை விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. இதை நெடுஞ்சாலையில் ஆபத்து நேரத்தில் முதல்முறையாகத் தெரிந்துகொள்வதில் அர்த்தமில்லை.

எங்கே தெரிந்துகொள்வது? படப்பை, மணிமங்கலம் பக்கமெல்லாம் பிளாட் போட்டு, தார் ரோடும் போட்டு, வீடு மட்டும் வராமல் கிடக்கும் லேஅவுட்டுகள் நிறைய. ஞாயிறு காலை அங்கே போகச் சொல்லுங்கள். சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டு, 30இல் வந்து கோட்டைத் தாண்டியதும் பிரேக். எங்கே நின்றது என்று ஒரு செங்கல் வைக்கட்டும். பிறகு 40. முதலில் பின் பிரேக் மட்டும், அடுத்து முன் பிரேக் மட்டும், அப்புறம் இரண்டும் சேர்த்து. மூன்று செங்கலும் எவ்வளவு தள்ளித் தள்ளி இருக்கின்றன என்று கண்ணால் பார்த்துவிட்டால் நான் இங்கே எழுதியிருக்கும் எதுவும் தேவைப்படாது. ஹெல்மெட், ஷூ, கையுறை போட்டுக்கொண்டு, யாராவது ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு செய்யட்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும்.

இனி அவன் தினமும் போகிற பாதை. வண்டலூர் – வாலாஜாபாத் சாலை எனக்கு நன்றாகத் தெரியும். கன்டெய்னர் லாரிகள், கம்பெனி பஸ்கள், டிப்பர்கள், ஷேர் ஆட்டோ, ராங் சைடில் வரும் பைக்குகள், மீடியன் இடைவெளியில் கடக்கும் ஆட்கள், எல்லாம் ஒரே ரோட்டில். இந்த மாதிரி ரோட்டில் பைக் ஓட்டுபவர் மனதில் வைக்க வேண்டியது: என்னை யாரும் பார்க்கவில்லை.

இது தத்துவம் இல்லை, கண்ணின் இயல்பு. ரோட்டில் திரும்பக் காத்திருக்கும் கார்க்காரர் தேடுவது காரையும் லாரியையும். ஒல்லியாக ஒரு பைக் நேராக எதிரே வரும்போது அதன் உருவம் அவர் கண்ணில் பெரிதாகாமல் இருந்து கடைசி நேரத்தில் திடீரென்று பெரிதாகிறது. அதனால் அது தொலைவில் இருப்பதாகவும் மெதுவாக வருவதாகவும் தோன்றும், 'போயிடலாம்' என்று வண்டியைத் திருப்பிவிடுவார். காரின் முன் கண்ணாடி ஓரத்துத் தூணுக்குப் பின்னால் ஒரு பைக் முழுசாக மறைந்தும் போகும். மோதியபின் எல்லா டிரைவர்களும் சொல்வது ஒன்றே: 'சார், திடீர்னு வந்துட்டான்.' அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். 2017 ஏப்ரலிலிருந்து புது பைக்குகளில் பகலிலும் ஹெட்லைட் எரிந்துகொண்டே இருப்பது இதற்காகத்தான். எதிரில் வருகிறவர்கள் இன்னமும் விரல்களைக் குவித்து விரித்து 'லைட் எரியுது' என்று சைகை காட்டுவார்கள். நல்ல மனசு, வாழ்க.

ஆகவே மீடியன் இடைவெளியில் ஒரு கார் யூ டர்ன் எடுக்க மூக்கை நீட்டிக்கொண்டு நின்றால், தம்பி அந்தக் காரின் முன் சக்கரத்தைப் பார்க்கட்டும். டிரைவர் நம்மையே பார்ப்பதுபோல் இருக்கும், ஆனால் கவனித்திருக்க மாட்டார். வண்டி நகரப்போவது முதலில் தெரிவது சக்கரத்தில்தான். அதே நேரம் ஆக்சிலரேட்டரிலிருந்து கையை விட்டு, இரண்டு விரல் பிரேக் லிவர் மேல் இருக்க வேண்டும். விரல் ஏற்கெனவே லிவரில் இருந்தால் பல மீட்டர் மிச்சம். லேனுக்குள்ளேயே கொஞ்சம் இடம் மாறி ஓட்டினாலும் பயன் உண்டு, நேர்க்கோட்டில் வரும் பொருளைவிடப் பக்கவாட்டில் அசையும் பொருள் கண்ணில் சீக்கிரம் படும். ஹாரன் அடிக்கலாம், ஆனால் நம் ரோட்டில் ஹாரன் ஒரு பின்னணி இசை. அதை நம்பி வேகத்தைக் குறைக்காமல் போகக்கூடாது.

பார்வை விஷயத்தில் இன்னொன்று. பைக் நாம் பார்க்கிற இடத்துக்குத்தான் போகும். பள்ளத்தையே வெறித்துப் பார்த்தால் பள்ளத்தில்தான் இறங்கும். தப்பிக்கும் வழியைப் பார்க்கப் பழக வேண்டும். கேட்க எளிது, பயம் வந்தால் கண் ஆபத்தின் மேலேயே ஒட்டிக்கொள்ளும். சாதாரண நாளில் ஒவ்வொரு குழியையும் விலகும்போது பக்கத்து நல்ல ரோட்டைப் பார்த்து ஓட்டிப் பழகினால் அவசரத்திலும் அது வரும்.

லாரிகளைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன், அவன் போகிற ரோட்டில் பெரிய ஆபத்து அவைதான். நம் நாட்டில் டிரைவர் உட்காருவது வலப்பக்கம். அதனால் லாரியின் இடப்பக்கம் அவருக்குக் குருட்டு இடம். கேபினுக்கு ஒட்டி இடதுபுறம் நிற்கும் பைக் அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. மூக்குக்கு நேர் முன்னால் ஒட்டி நின்றாலும் தெரியாது. சிக்னலில் இடைவெளி இருக்கிறதே என்று பைக்குகள் போய்ச் செருகிக்கொள்வது இந்த இரண்டு இடத்திலும்தான். கன்டெய்னர் லாரி இடது பக்கம் திரும்பும்போது முன்பகுதி அகலமாகப் போகும், ஆனால் நீளமான பின்பகுதியின் சக்கரங்கள் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முதலில் நிறைய இடம் இருப்பதுபோல் தெரிந்து, பிறகு இல்லாமல் போகும் அந்த இடத்தில்தான் பைக் மாட்டும். விதி ஒன்று: லாரியின் பக்கக் கண்ணாடியில் டிரைவர் முகம் நமக்குத் தெரியவில்லை என்றால் நாம் அவருக்கு இல்லை. விதி இரண்டு: திரும்பக்கூடிய இடத்தில் கனரக வண்டியின் இடதுபுறம் எந்தக் காரணத்துக்காகவும் போகக்கூடாது, இண்டிகேட்டர் போடாவிட்டாலும். பின்னால் பத்தடி தள்ளி நின்றால் அரை நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான்.

ஓவர்டேக் செய்யும்போது லாரியின் பக்கவாட்டில் தங்கியிருக்கக்கூடாது. தாண்டுவதற்கு ரோடு தெளிவாகத் தெரிந்தால் தாண்டிவிட வேண்டும், தெரியவில்லை என்றால் பின்னாலேயே இருக்க வேண்டும். நடுவில் ஊசலாடுவதுதான் கெட்டது. பெரிய வண்டிக்கு மிக அருகில் ஒட்டிப் போனால் ரோட்டில் இருக்கும் குழி கடைசி நொடியில்தான் தெரியும்; லாரி இரண்டு சக்கரத்துக்கு நடுவில் குழியை விட்டுவிட்டுப் போய்விடும், நமக்கு இருப்பது ஒரே வரிசை.

பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் இடதுபுறம் நுழையாதே என்று சொல்லுங்கள். நிறுத்தத்துக்கு ஐம்பதடி முன்பே ஆட்கள் குதித்து இறங்குவார்கள், பஸ் ஒரே வெட்டாக ஓரம் கட்டும், ஷேர் ஆட்டோ கை காட்டிய இடத்திலெல்லாம் நிற்கும். இங்கே யாரையும் திட்டிப் பயனில்லை. நிற்பான் என்று தெரிந்தே ஓட்ட வேண்டும்.

முன்னால் போகும் வண்டியோடு இடைவெளி எவ்வளவு? அந்த வண்டி ஒரு மின்கம்பத்தைத் தாண்டியதும் எண்ணத் தொடங்கினால், நாம் அதே கம்பத்தை அடையக் குறைந்தது இரண்டு வினாடி ஆக வேண்டும், மழையில் நான்கு. இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: 'இடைவெளி விட்டா இன்னொருத்தன் உள்ளே வந்துருவான் சார்.' வருவான், நிச்சயம் வருவான். வரட்டும். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி இடைவெளி உண்டாக்க வேண்டியதுதான். ஒவ்வொருத்தன் புகும்போதும் நமக்கு இழப்பு இரண்டு வினாடி. வண்டலூரிலிருந்து ஒரகடம் போவதற்குள் இருபது பேர் புகுந்தால் முக்கால் நிமிடம் நஷ்டம். அலுவலகத்தில் டீ வரும் நேரத்துக்குள் ஈடுகட்டிவிடலாம்.

மழைக்காலம் தனிக் கதை. வடகிழக்குப் பருவமழையில் முதல் பத்து நிமிடம்தான் மிக வழுக்கும், ரோட்டில் படிந்த எண்ணெயும் புழுதியும் நீரோடு கலந்து குழம்பாகும் நேரம் அது. நன்றாகப் பெய்து கழுவியபின் கொஞ்சம் தேவலாம். ஆனால் மேன்ஹோல் மூடி, ஜீப்ரா கிராசிங்கின் வெள்ளைப் பெயின்ட், மெட்ரோ வேலை நடக்கும் இடங்களில் பள்ளத்தின் மேல் போட்டிருக்கும் இரும்புத் தகடு, இவை மழை நின்றபிறகும் வழுக்கும். அவற்றின் மேல் போகும்போது பிரேக்கும் வேண்டாம், வேகமும் கூட்ட வேண்டாம், வண்டியைச் சாய்க்கவும் வேண்டாம், நேராக உருண்டு போய்விட வேண்டும். தண்ணீர் தேங்கிய இடத்தில் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. முன்னால் போகிற ஆட்டோ எங்கே விழுந்து எழுகிறது என்று பார்த்து அதைத் தவிர்த்துப் போகலாம். போர்வை மாதிரி தொங்கும் மழைக்கோட்டு வேண்டாம், காற்றில் பறந்து சக்கரத்திலோ செயினிலோ சிக்கும். சட்டையும் பேன்ட்டுமாக வரும் இரண்டு துண்டு மழைக்கோட்டே சரி. மழைக்கு மேம்பாலத்தடியில் ஒதுங்குகிறவர்கள் ரோட்டின் பாதியை அடைத்துக்கொண்டு நிற்பார்கள்; பின்னால் வருகிற லாரிக்கு மழையில் ஒன்றும் தெரியாது. ஒதுங்கினால் ரோட்டை விட்டு முழுக்க விலகி ஒதுங்க வேண்டும்.

மழை இல்லாத காலத்தில் மணல். டிப்பர்களிலிருந்து கொட்டும் எம்-சாண்டும் ஜல்லியும் ரோட்டின் ஓரத்திலும் திருப்பத்திலும் சேர்ந்து கிடக்கும். புது ரோடு போடுவதற்காகப் பழைய மேற்பரப்பைச் சுரண்டி விட்டிருக்கும் இடத்தில் நீளவாக்கில் கோடுகள் இருக்கும், சக்கரம் அதில் தானாக அலையும். அங்கே ஹேண்டிலை இறுக்கிப் பிடித்துச் சண்டை போடாமல், வேகத்தைக் குறைத்துப் பிடியைத் தளர்த்தி விட்டால் வண்டி தானே நேராகப் போகும்.

இரவில் மேற்சொன்ன கணக்கு இன்னும் கடுமையாகிறது. டிம் லைட்டில் ஒரு பொருள் தெளிவாகத் தெரியும் தூரமும், 60 கிலோமீட்டரில் நிற்கத் தேவையான தூரமும் ஏறக்குறைய ஒன்றே. அதற்கு மேல் போகிறவன் தெரியாத இருட்டுக்குள் ஓட்டுகிறான். பின்விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரி, சிவப்பு ஸ்டிக்கர் கூட ஒட்டாத டிராக்டர் டிரெய்லர், போலீஸ் இரும்புத் தடுப்பு, நடு ரோட்டில் அசைபோட்டுப் படுத்திருக்கும் மாடு, இவை எதுவும் நமக்காக லைட் போட்டுக்கொள்ளாது. எதிரே ஹை பீமில் வருகிறவரைப் பார்த்துக் கண் கூசினால் ரோட்டின் இடது ஓரக் கோட்டைப் பார்த்துக்கொண்டு வேகத்தைக் குறைக்க வேண்டும். ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியான வைசர் கறுப்பாக இருந்தால் அழகுதான். ஆனால் இரவில் அதைப் போட்டுக்கொண்டு ஓட்டுவது கண்ணை மூடுவதற்கு ஒரு படி முன்னால். வெள்ளை வைசர் மட்டும் வாங்கினால் போதும்.

இப்போது ஹெல்மெட். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்குப்படி 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் இருசக்கர வண்டியில் போனவர்கள் 74,897. ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் என்று பதிவானது மட்டும் 50,029 பேர். ஹெல்மெட் இறப்பைச் சுமார் 42 சதவீதமும் தலைக்காயத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கணக்கு உண்டு. ஆனால் அந்தப் பலன் தலையில் நிற்கும் ஹெல்மெட்டுக்கு மட்டும். வார் மாட்டாத ஹெல்மெட் தலை தரையில் படுவதற்கு முன்பே கழன்று பறந்துவிடும். நம் ஊரில் பாதிப் பேர் போலீஸுக்காகத் தலையில் வைத்திருக்கிறார்கள், வார் காற்றில் ஆடும்.

வாங்கிக் கொடுத்ததை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரையும் அதன் மேலே ஐஎஸ் 4151 என்ற எண்ணும் இருக்க வேண்டும். 2021 ஜூன் 1 முதல் அந்த முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம். ஆனாலும் பிளாட்பாரத்தில் முந்நூறு ரூபாய்க்கு முத்திரையும் சேர்த்து ஒட்டியே விற்கிறார்கள். ஆயிரம் ரூபாய் சுற்றிலேயே முகம் முழுக்க மூடும் நல்ல ஹெல்மெட் கிடைக்கிறது. போட்டு வாரை மாட்டியபின், பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னால் தள்ளினால் கழன்று வரக்கூடாது. பக்கவாட்டில் அசைத்தால் கன்னத் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். புதிதாக இருக்கும்போது கன்னம் கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கும், பிறகு பஞ்சு அமுங்கும். தாடையை மூடாத ஹெல்மெட்டை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. விழும்போது முகவாய்தான் அடிக்கடி முதலில் தரையைச் சந்திக்கிறது. உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற அடுக்குதான் அடியை வாங்குகிறது, ஒரு பெரிய அடி வாங்கியபின் அது நசுங்கி முடிந்துவிடும், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் மாற்ற வேண்டும். முடி கொட்டும் என்று தம்பி சொன்னால், உள்ளே ஒரு பருத்தித் துணி கட்டிக்கொண்டு லைனிங்கை வாரம் ஒருமுறை துவைக்கச் சொல்லுங்கள். அதற்குமேல் கொட்டினால் அது பரம்பரை.

பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். ரூம்மேட்டை ஏற்றிக்கொண்டு போவான், அதனால் இரண்டாவதாக ஒன்றையும் வாங்கிவிடுங்கள். ஆள் ஏறினால் நிறுத்தும் தூரமும் நீளும், திருப்பமும் கனக்கும் என்பது நினைவிருக்கட்டும். ஷூ, கையுறை இரண்டும் தினமும். விழும்போது கை தானாகத் தரையை ஊன்றும், உள்ளங்கைத் தோல் போனால் ஒரு மாதம் சோறு பிசைய முடியாது. இந்த வெயிலில் ஜாக்கெட் போடு என்று நான் சொன்னாலும் போட மாட்டான், முழுக்கைச் சட்டையும் ஜீன்ஸுமாவது இருக்கட்டும்.

செல்போன் பற்றி ஒரு வரி: ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவில் போனைச் செருகிப் பேசிக்கொண்டு போகிறவனுக்கு அந்த இரண்டு வினாடியும் கிடையாது. நீங்களும் அவன் கிளம்பும் நேரத்தில் கூப்பிடாதீர்கள். குடித்துவிட்டு ஓட்டுகிறவனுக்கும் அதே கதைதான், 'ஒரு பீர்தான்' என்பது கணக்கில் வராது என்று நினைப்பவர்கள் அதிகம்.

வண்டிப் பராமரிப்பில் மூன்றைப் பார்த்தால் போதும், மீதியை மெக்கானிக் பார்ப்பார். வாரம் ஒருமுறை காற்று. எவ்வளவு என்று வண்டியிலேயே ஸ்டிக்கரில் எழுதியிருக்கும், இருவர் போனால் பின் டயருக்கு அதிகம். டயரின் பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடு மேற்பரப்போடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. செயின் தொங்கக்கூடாது, இறுகவும் கூடாது. பக்கக் கண்ணாடிகளைக் கழற்றி வைக்கும் ஃபேஷன் ஒன்று இருக்கிறது, அதைச் செய்திருந்தால் அன்றே மாட்டச் சொல்லுங்கள்.

பொங்கலுக்குப் பைக்கிலேயே ஊருக்கு வருகிறேன் என்பான். புது பைக் வாங்கிய எல்லாரும் சொல்வதுதான். முதல் வருடம் வேண்டாம் என்பது என் கருத்து. ஏறத்தாழ 300 கிலோமீட்டர், திரும்ப அதே தூரம், பண்டிகை நெரிசல் வேறு. அறுவடை நேரத்தில் நம் டெல்டாவில் நெல்லையும் வைக்கோலையும் ரோட்டிலேயே காயப்போட்டிருப்பார்கள், அதில் முன் பிரேக் பிடித்தால் என்ன ஆகும் என்று மன்னார்குடிக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எழும்பூரிலிருந்து இரவு மன்னை எக்ஸ்பிரஸ் இருக்கிறது, தாம்பரத்தில் ஏறிக்கொள்ளலாம்.

காகித வேலை ஒன்றும் இருக்கிறது. புது பைக்குக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு சேர்த்தே வந்திருக்கும், அது அவனால் மற்றவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கு. ஓட்டுகிற உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு வேறு, அதைப் பலர் முதல் வருடம் மட்டும் கட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். பாலிசியை எடுத்துத் தேதியைப் பாருங்கள். லைசென்ஸ் செல்லுபடியில் இல்லை என்றால் இதெல்லாம் வீண்.

அப்படியும் ஏதாவது நடந்துவிட்டால், முதலில் 108. விழுந்தவர் மயக்கத்தில் இருந்தால் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றக் கூடாது, கழுத்தெலும்பு அடிபட்டிருக்கலாம். மூச்சு விடுகிறாரா என்று பார்த்து வைசரை மட்டும் திறந்துவிட வேண்டும். தண்ணீர் கொடுக்க வேண்டாம். தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18 முதல் நடக்கிறது. அதில் சேர்க்கப்பட்ட அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், எந்த ஊர்க்காரராக இருந்தாலும். தொடங்கியபோது ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை என்று வைத்தார்கள். அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போகிறவருக்கு 2019 சட்டத் திருத்தத்தில் பாதுகாப்பு உண்டு, பெயர் முகவரி சொல்லக்கூட அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. இதையெல்லாம் தம்பி தனக்காக மட்டும் தெரிந்துகொள்ள வேண்டாம், அந்த ரோட்டில் இன்னொருத்தர் விழுந்து கிடப்பதை அவன் பார்க்கும் நாளும் வரும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. தொழிற்சாலை என்றால் நைட் ஷிப்ட் இருக்கும். இரவு முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டுக் காலை ஆறரை மணிக்குக் குளிர்ந்த காற்றில் பைக் ஓட்டும்போது கண் திறந்தபடியே மூளை சில நொடி தூங்கிவிடும், ஓட்டுகிறவனுக்கே தெரியாது. டீ குடித்தால் சரியாகாது, முகம் கழுவினாலும் சரியாகாது. அந்தக் காலை நேரத்தில் எதிரே வருகிற டிப்பர் டிரைவரும் பல நாள் இரவு முழுக்க ஓட்டியவராகவே இருப்பார். ஒரகடத்தில் பெரும்பாலான தொழிற்சாலைகள் வண்டலூர், தாம்பரம் பக்கத்துக்குப் பஸ் விடுகின்றன. நைட் ஷிப்ட் வாரங்களில் பைக்கை அறையிலேயே பூட்டிவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் போகச் சொல்லுங்கள். பஸ் இல்லை என்றால் ஷிப்ட் முடிந்ததும் அங்கேயே ஓய்வறையில் ஒரு மணி நேரம் படுத்துவிட்டுக் கிளம்பட்டும்.